மாடிக்கடைக்கு எழுதிய மூன்று அறிக்கைகள்

பழைய கட்டடங்களைப் பார்த்து, நிற்குமா விழுமா என்று எழுதிக் கொடுக்கும் வேலையில் முப்பத்தைந்து வருஷம் இருந்தேன். இப்போது ஓய்வு பெற்று மீஞ்சூரில் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் சென்னை ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களைப் பார்த்தால் பொறாமை வருவதில்லை. கால்தான் வலிக்கிறது.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். எப்படி அளப்பது, எப்படிக் கணக்குப் போடுவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். அதை விட்டுவிடுகிறேன். நான் சறுக்கிய இரண்டு கடைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதலாவதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். இரண்டாவதைச் சொல்லத்தான் இத்தனை நாள் தயங்கினேன்.

சென்னையில் ஒரு பெரிய சாலையில் பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம். கீழ்த்தளத்தில் மருந்து, மூக்குக் கண்ணாடி, தொப்பி. மேலே துணி, நாற்காலி மேசை, வாத்தியங்கள். நடுவில் அகலமான மரப்படி. வியாபாரம் படுத்து, பூட்டி, பல வருஷம் புறாக்கள் குடியிருந்த பிறகு ஒருவர் வாங்கினார். இடித்துவிட்டு அடுக்குமாடி வணிக வளாகம் கட்ட வேண்டும் என்றார். நகரத்தின் அடையாளம், தொடக்கூடாது என்று ஒரு கூட்டம் எதிர்த்தது. இழுபறிக்குப் பிறகு ஒரு சமாதானம் வந்தது: சாலையைப் பார்த்த முகப்புச் சுவர் மட்டும் அப்படியே நிற்கும், பின்னால் எல்லாம் புதிது.

அந்தச் சமாதானத்தை நடத்திக் காட்டியவன் நான்தான். முகப்பை இரும்புச் சட்டங்களால் பிடித்து நிறுத்தி, முதுகுப்புறம் இருந்த மொத்தத்தையும் எடுத்தோம். ஒரு செங்கல் அசையவில்லை. என்னைப் பாராட்டி மேடையில் சால்வை போட்டார்கள்.

கடை திறந்த சாயங்காலம் எதிர்ப்புறம் நின்று பார்த்தேன். பழைய தளங்கள் நல்ல உயரம். புதிய தளங்கள் குள்ளம். அதனால் பழைய வளைவு ஜன்னல் ஒவ்வொன்றின் நடுவிலும் புதிய கான்கிரீட் தளத்தின் விளிம்பு குறுக்கே ஓடியது. ஒரே ஜன்னலில் மேல் பாதியில் யாரோ ஒருவரின் செருப்புக் கால், கீழ்ப் பாதியில் வேறொருவரின் தலை. தள உயரத்தை அரை நாள் உட்கார்ந்து யோசித்திருந்தால் மாற்றியிருக்கலாம். சுவர் விழாமல் இருக்க வேண்டும் என்ற ஒரே கவலையில், சுவர் எதற்காக நிற்கிறது என்பதை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

பக்கத்தில் அந்தக் கட்டடத்தைப் பிரித்தெடுத்த கான்ட்ராக்டர் நின்றிருந்தார். வடசென்னைக்காரர், வாழ்க்கை முழுக்க இடிப்பு வேலை. படித்தவர் இல்லை. ஆனால் கட்டடத்தைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் பாதி அவரிடம்தான்.

“கடைய எடுத்துட்டு கடையோட போட்டோவ நிக்க வெச்சிட்டோம் சார்” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் சிரிக்கவில்லை. “கோச்சுக்காத சார். நீங்கள்லாம் வெளிய இருந்து பாத்து எழுதறீங்க. கடைசில பிரிச்சு உள்ள பாக்குறவன் நான். நீங்க எழுதனதுல பாதி தப்பா இருக்கும். ஆனா அத உங்களாண்ட வந்து யாரு சொல்றாங்க? கட்டடந்தான் போயிடுச்சே.”

இதை அன்றைக்கு ஒரு கிண்டலாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

*

இனி பழவேற்காடு.

நீங்கள் அந்தப் பக்கம் போயிருந்தால் பஜார் தெருவில் மாடிக்கடையைப் பார்த்திருப்பீர்கள். இப்போது போனால் பார்க்க முடியாது. அதைக் கட்டியவர் இளவயதில் சென்னையில் ஒரு பெரிய கடையில் விற்பனைக்கு நின்றவர். ஊர் திரும்பியதும் அதே மாதிரி ஒன்றை ஏரிக்கரையில் எழுப்பினார். கீழே கயிறு, வலை நூல், மிதவை, அரிசி, எண்ணெய். நடுவில் தேக்குப் படி. மேலே பட்டுப் புடவை, பித்தளைப் பாத்திரம், கல்யாணச் சீர்ச் சாமான். ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குப்பங்களிலிருந்து படகில் வந்து, ஒரே இடத்தில் வலைக்கு நூலும் பெண்ணுக்குப் புடவையும் வாங்கிக்கொண்டு திரும்புவார்களாம். தெருவைப் பார்த்தாற்போல் தூண் வைத்த ஒரு நீளமான நடை. அங்கேதான் இறாலும் நண்டும் விற்கும் பெண்கள் வெயிலுக்கு ஒதுங்கி உட்காருவார்கள்.

நான் போனபோது கடை கட்டியவரின் பேரன் ஜபருல்லா பாய் கையில் இருந்தது. அறுபதைத் தாண்டியவர். மேல்மாடியில் விற்பனை நின்று பல வருஷம் ஆகியிருந்தது. கண்ணாடிப் பெட்டிகளும் சுவரோரம் பெரிய தேக்கு அலமாரிகளும் மட்டும் இருந்தன. இடித்துவிட்டு ஷட்டர் போட்ட சின்னக் கடைகளாகக் கட்டி வாடகைக்கு விடுவது அவர் எண்ணம். அனுமதி கேட்டு மனுப் போட்டிருந்தார். சென்னையிலிருந்து மரபுக் கட்டடங்களைக் காக்கும் ஒரு குழு ஆட்சேபித்தது. அவர்கள் சார்பில் வந்தவள் வித்யா என்ற ஆர்க்கிடெக்ட். முப்பது வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து வந்து ஒவ்வொரு தூணையும் வரைந்தெடுத்தவள். இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்கள். கட்டடம் தாங்குமா, தாங்காதா என்று நான் எழுத வேண்டும்.

என் தவறை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மேல்மாடித் தளத்தைத் தாங்கியது ஒரு நீளமான இரும்பு கர்டர், அதாவது உத்தரம். அதன் ஒரு முனை தெற்குச் சுவருக்குள் செருகியிருந்தது, இன்னொரு முனை வடக்குச் சுவருக்குள். தெற்குப் பக்கம் முனைக்குக் கீழே, கீழ்த்தளச் சுவரில் ஒரு விரிசல். அதைச் சுரண்டினேன், தட்டினேன், துளை போட்டுப் பார்த்தேன். வடக்குப் பக்கம், கீழ்த்தளத்தில், சரியாக அந்த முனையை மறைத்துக்கொண்டு, உத்தரம்வரை உயர்ந்த ஒரு அலமாரி நின்றது. நகர்த்த வேண்டுமென்றால் ஆறு பேர் வேண்டும்.

“நகத்தணுமா சார்?” என்று பாய் கேட்டார். “எங்க பாட்டனார் வெச்ச எடத்துல அப்படியே நிக்குது. நகத்துனா கால் கழண்டுடும்னு பயமாக்கீது. நீங்க சொன்னா ஆளக் கூப்பிடறேன்.”

எனக்கு டீ வந்தது, பிஸ்கட் வந்தது. இடிக்க வேண்டும் என்று சொல்கிற மனிதர் தாத்தாவின் அலமாரிக்காகத் தயங்குகிறாரே என்று எனக்கு நெகிழ்ந்துவிட்டது. தெற்கு முனை நன்றாக இருக்கிறது, ஒரே இரும்பு, ஒரே உப்புக் காற்று, வடக்கும் அப்படித்தான் இருக்கும் என்று மனதுக்குள் முடிவு செய்தேன். “வேண்டாம் பாய், விடுங்க” என்றேன்.

விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில் ஒன்றைக் காரையில் பதித்தேன். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், பழைய முறைதான். முதல் அறிக்கையில் இப்படி எழுதினேன்: கட்டடத்தை இடிக்க வேண்டிய அவசியமில்லை, பழுதுபார்த்தால் போதும், இப்போதைய பயன்பாட்டுக்கு ஆபத்தில்லை.

வித்யா போனில் அழுதுவிட்டாள். சந்தோஷத்தில்தான். பாய் அறிக்கையை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். “சரி சார். நல்லாக்கீதுன்னா இருக்கட்டும். ஆனா நூல் வாங்க ஆளு வரல சார். எல்லாம் போன்லயே வரவழைச்சிக்கிறாங்க. இத யாரு பாத்துப்பாங்கன்னு உங்க பேப்பர்ல ஒண்ணும் இல்லியே” என்றார்.

அந்தக் கேள்வி நியாயமானது. பதில் சொல்வது என் வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். நீங்களும் அப்படி நினைப்பீர்கள். அது வசதியாக இருக்கும்.

*

ஐப்பசி போய்க் கார்த்திகை மழை. ஊர்ப் பக்கம் நான்கு நாளாகக் கொட்டிக்கொண்டிருந்தது. மனு விசாரணைக்கு வர இருந்ததால், கண்ணாடிச் சில் உடையாமல் இருப்பதைப் படமெடுத்து அனுப்ப முடியுமா என்று வித்யா கேட்டிருந்தாள். பொன்னேரியிலிருந்து பஸ். கடைசி இரண்டு மைலும் சாலை எது, ஏரி எது என்று தெரியாதபடி தண்ணீர். காலை பதினொரு மணி சுமாருக்கு இறங்கினேன்.

மாடிக்கடைக்குள் நுழைந்ததும் மேலே இருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. படியேறினால் மேல்மாடி முழுக்க ஜனம். அறுபது எழுபது பேர் இருப்பார்கள். கரையோரக் குடிசைகளுக்குள் ஏரித் தண்ணீர் வந்துவிட்டது. புயல் பாதுகாப்புக் கூடம் லைட்ஹவுஸ் குப்பத்துக்காரர்களால் நிரம்பிவிட்டது. அதனால் பாய் விடியற்காலையிலேயே கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். மூட்டை, கோரைப்பாய், அடுப்பு, கோழி என்று எல்லாமே மேலே வந்திருந்தன. ஈரத் துணிகளை அலமாரிக் கதவுகளில் விரித்துப் போட்டிருந்தார்கள்.

நடுவில் எல்லம்மா உட்கார்ந்திருந்தாள். ஏரிக்குள் இடுப்பளவு தண்ணீரில் தவழ்ந்து, ஓலைப் பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையாலேயே இறால் பிடிக்கிற பெண். கடை நடையில் இறால் விற்பவர்களில் நான் பேசிப் பழகியது அவளிடம்தான். பக்கத்தில் அவள் மகள், மடியில் ஒரு மாதக் குழந்தை. கண்ணாடிப் பெட்டி ஒன்றில் சாய்ந்தபடி எல்லம்மாவின் அப்பா முனுசாமி. அவரை அவள் நைனா என்பாள்.

“வா சார்” என்றாள் எல்லம்மா. “பாரு, நீ நல்லாக்கீதுன்னு எழுதிக் குட்த்தல்ல, அத்தொட்டு எங்களுக்கு ஒரு எடம்.”

சிரித்துக்கொண்டே கீழே இறங்கித் தெற்குச் சுவருக்குப் போனேன். கண்ணாடிச் சில் இரண்டாக உடைந்திருந்தது.

அதற்கு முன்னால் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. ஒரு நிமிஷமாகவும் இருக்கலாம், ஐந்து நிமிஷமாகவும் இருக்கலாம். என்ன யோசித்தேன் என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது பெருமைப்படும்படி இல்லை. யாராவது மூட்டையோடு போகும்போது தோள் பட்டு உடைந்திருக்கலாம் என்று யோசித்தேன். இப்போது இவர்களை இறக்கினால் என் அறிக்கை பொய் என்று ஊருக்கே தெரிந்துவிடும் என்று யோசித்தேன். வித்யாவின் முகம் வந்தது. சால்வை போட்ட மேடைகூட வந்தது. அறுபது பேர் நிற்கிற தளத்தைப் பற்றி யோசித்தது அதற்கெல்லாம் பிறகுதான்.

அந்த வரிசையைத்தான் உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இதை எழுத உட்கார்ந்தேன்.

பாயைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

“இன்னா சார் வெளையாடுறீங்களா? வெளிய மொழங்காலு தண்ணி. கொழந்தைங்கள வெச்சிக்கினு எங்க போவாங்க?”

“எங்கயாவது போகணும் பாய். இங்க இருக்கக் கூடாது.”

“நான்தானே இத ஒடைக்கணும்னு மனு போட்டவன். நானே சொல்றேன், இன்னிக்கு ஒண்ணும் ஆகாது. எங்க பாட்டனார் காலத்துலேந்து எத்தினி புயல் பாத்த கடை இது.”

இடிக்க வேண்டும் என்றவர் கட்டடத்தை நம்பினார். நிற்கும் என்று எழுதியவன் நம்பவில்லை.

“பாய், நான் எழுதிக் கொடுத்தது தப்பா இருக்கலாம்” என்றேன். அதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. போனை எடுத்து, தெருமுனையில் இருந்த கல்யாண மண்டபத்துச் சாவிக்குச் சொன்னார். அது அவர் உறவினருடையது; தாழ்வான இடம், தரையில் கொஞ்சம் தண்ணீர் ஏறியிருந்தது, ஆனால் மேடை காய்ந்திருந்தது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடையோடு வாசலில் போய் நின்றார்.

நான் மேலே போனேன். எல்லோரும் ஒரே நேரத்தில் படிக்கு ஓடினால் படி இருக்கும் நடுப்பகுதியில் மொத்தச் சுமையும் விழும். அதனால் அவசரப்படுத்தவில்லை. “எல்லாரும் மெதுவா எழுந்து சுவரோரமா நில்லுங்க. நான் கூப்பிடக் கூப்பிட ஏழு ஏழு பேரா எறங்கலாம்” என்றேன்.

யாரும் அசையவில்லை. எல்லாரும் எல்லம்மாவைப் பார்த்தார்கள்.

“இன்னாத்துக்கு?” என்றாள் அவள்.

“தளம் தாங்குமான்னு எனக்கு சந்தேகமா இருக்கு.”

“நீதானே சார் தாங்கும்னு எழுதிக் குட்த்த?”

“ஆமா. எழுதினேன்.”

“அப்போ எது பொய்யி? அன்னிக்கு எழுதனதா, இன்னிக்கு சொல்றதா?”

“அன்னிக்கு எழுதினது” என்றேன். இன்றுவரைக்கும் நான் சொன்ன வாக்கியங்களில் எனக்கு அதிகம் கஷ்டமாக இருந்தது அதுதான். அந்த நேரத்தில் அது உண்மையா என்றுகூட எனக்கு நிச்சயம் இல்லை. ஆனால், “இருக்கலாம், தெரியவில்லை, பார்க்கலாம்” என்று இழுத்திருந்தால் அவள் எழுந்திருக்க மாட்டாள்.

என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுந்தாள். மகளிடமிருந்து குழந்தையை வாங்கித் தலையோடு புடவையைப் போர்த்தினாள். “எய்ந்துரு நைனா” என்று அப்பாவை எழுப்பினாள். “எல்லாம் செவுத்தாண்ட வாங்க. தள்ளாதீங்கோ.” அவள் குரலுக்குத்தான் மற்றவர்கள் எழுந்தார்கள்.

குழந்தை இருந்ததால் முதல் ஏழு பேரில் அவளையும் மகளையும் அனுப்பினேன்; மெதுவாக நடக்கிற முனுசாமி கடைசி ஏழு பேரோடு இறங்கினார். ஒரு மணி நேரம் ஆயிற்று எல்லாரும் இறங்கி முடிக்க. தளம் அசையவில்லை. ஒரு பொடிக் காரைகூட உதிரவில்லை. கடைசியாக நான் இறங்கி வாசலுக்கு வந்தபோது தெருவில் சத்தம் கேட்டது. முனுசாமி, தண்ணீருக்கு அடியில் இருந்த சாக்கடைப் பள்ளம் தெரியாமல் கால் வைத்து விழுந்திருந்தார். பாயும் இன்னும் இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு போனார்கள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. சாலை திறந்து பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மறுநாள் மதியம் ஆனது.

மழை மூன்று நாளில் விட்டது. மாடிக்கடை நின்றது. ஊரே அதைப் பார்த்தது.

*

இரண்டாவது அறிக்கையை எழுதும்போது வித்யா என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

“சார், கண்ணாடி தானாகத்தான் உடைஞ்சுதுன்னு உங்களுக்கு உறுதியாத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப, யாராவது இடிச்சு உடைஞ்சிருக்கலாம்னு ஒரு வரி சேருங்களேன். பொய் இல்லையே சார் அது.”

பொய் இல்லைதான். அவள் கேட்டதில் தப்பும் இல்லை. மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்கு அதில் போயிருந்தன. அந்த வரியைச் சேர்த்தேன். ஆனால் அதற்கு அடுத்த வரியில், அந்தச் சந்தேகத்தின் பேரில் நானே மக்களை வெளியேற்றினேன் என்பதையும் எழுதினேன். விசாரணையில் முதல் வரியை யாரும் படிக்கவில்லை. பொறியாளரே அஞ்சி ஆட்களை இறக்கிய கட்டடத்தை எப்படி விட்டுவைப்பது என்று கேட்டார்கள். இடிக்க அனுமதி கிடைத்தது.

வித்யா என்மேல் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. “பரவாயில்ல சார்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு எந்தக் கட்டடத்துக்கும் என்னைக் கூப்பிடவில்லை.

பாய் என்னிடமே இடிப்பதற்கு நல்ல ஆள் கேட்டார். நான் வடசென்னைக் கான்ட்ராக்டரைச் சொன்னேன். வேலை தொடங்கிச் சில நாளில் அவரிடமிருந்து போன்.

“சார், கர்டர எறக்கி வெச்சிருக்கேன். வெட்டி எடுத்துனு போறதுக்கு முன்ன ஒரு தபா வந்து பாத்துட்டுப் போ.”

“எதுக்கு? அதான் முடிஞ்சு போச்சே.”

“வா சார். இதச் சொல்றதுக்கு உங்களாண்ட யாரும் வரமாட்டாங்கன்னு அன்னிக்கே சொன்னேனே.”

போனேன். கூரை இல்லாத கடைக்குள் வெயில் விழுந்திருந்தது. கர்டர் தரையில் கிடந்தது. தெற்கு முனையைக் காட்டினார். நேற்றுச் செய்தது மாதிரி இருந்தது. நான் கண்ணாடி பதித்த விரிசல், மழையில் ஊறிய சுவரின் மேல்பூச்சு உப்பியதால் நகர்ந்தது. அதற்கும் கர்டருக்கும் சம்பந்தமே இல்லை. பிறகு என்னை இன்னொரு முனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அலமாரிக்குப் பின்னால் சுவருக்குள் இருந்த முனை. இரும்பு என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. ஏடு ஏடாகத் துரு. விரலால் அழுத்தினால் பொலபொலவென்று உதிர்ந்தது. மேலிருந்து ஏதோ ஒரு பழைய ஒழுக்கு பல வருஷமாக அலமாரிக்குப் பின்னால் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

“எப்பிடி நின்னுச்சின்னு எனக்கே தெரியல சார்” என்றார். “அந்த அலமாரிதான் முட்டுக் குடுத்திருக்கு. ஒத்தரத்த அதோட தலையில தாங்கினு இருந்துச்சி.”

நான் அங்கேயே ஒரு செங்கல் குவியலில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு எல்லாரையும் சுவரோரம் போய் நிற்கச் சொன்னேன். பாதிப்பேர் போய் நின்றது வடக்குச் சுவரோரம், சரியாக அந்த முனைக்கு மேல். நான் பயந்தது சரி. பயந்த இடம் தப்பு. காப்பாற்றுவதாக நினைத்து அவர்களை ஆபத்துக்கு மேலேயே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். அவர்கள் பிழைத்தது என் அறிவால் இல்லை.

அதோடு இன்னொன்று. கெட்டது அந்த ஒரு முனை மட்டும்தான். முதல் நாளே பக்கத்தில் சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்து, ஆறு பேரைக் கூப்பிட்டு அலமாரியை நகர்த்திப் பார்த்திருந்தால், ஒரு வாரத்தில் சரி செய்திருக்கலாம். மழை வரும்போது தளம் திடமாக இருந்திருக்கும். எல்லம்மா சமைத்துக்கொண்டு மேலேயே இருந்திருப்பாள். வித்யா ஜெயித்திருப்பாள். பாய்க்கும், யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்பதற்கு நேரம் கிடைத்திருக்கும். கட்டடத்தைக் காக்க வேண்டும் என்பவருக்கும் இடிக்க வேண்டும் என்பவருக்கும் நடுவில் நியாயமாக நடந்துகொள்வதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் இருவருக்கும் ஒரே கெடுதலைத்தான் செய்தேன்: முழுசாகப் பார்க்காமல் எழுதினேன். டீ கொடுத்த மனிதருக்குச் சிரமம் தரக்கூடாது என்ற மரியாதையில் எழுதினேன்.

*

எல்லம்மாவைத் தேடிப் போனேன். அப்போது தெருவுக்கு எதிர்ப்பக்கம் வெயிலில் பிளாஸ்டிக் சாக்கைத் தலைக்குப் போட்டுக்கொண்டு இறால் விற்றுக்கொண்டிருந்தாள். புதுக் கடைகள் ரோட்டு விளிம்புவரை வரும், நடை கிடையாது என்று அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

நான் சொன்னேன். கர்டரின் முனையை, அலமாரியை, சுவரோரம் நிற்கச் சொன்னதை, எல்லாவற்றையும்.

இறாலின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டாள். “அப்போ நெஜமாவே வியிந்திருக்கும்?”

“விழுந்திருக்கலாம்.”

அவள் முகம் லேசாகத் தளர்ந்தது. ஊரில் பலர் அவளைத்தான் ஏசியிருக்கிறார்கள். நீ எழுந்ததால்தானே நாங்களும் எழுந்தோம் என்று. அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் எனக்கும் ஒரு நல்ல பெயர் மிஞ்சியிருக்கும்.

“ஆனா மொதல்லயே நான் சரியாப் பாத்திருந்தா சரி பண்ணியிருக்கலாம். அன்னிக்கு எறங்கியே இருக்க வேண்டாம்” என்றேன்.

கை நின்றது. “எங்க நைனாவும் வியிந்திருக்க மாட்டாரு.”

“மாட்டார்.”

“இத என்னாண்ட சொல்லி இன்னா ஆவுது? அவராண்ட போய் சொல்லு” என்றாள். பக்கத்துப் பெண்ணிடம் கூடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

முனுசாமி குடிசைக்குள் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். மழையில் விழுந்த நாளுக்குப் பிறகு அவர் நடக்கவே இல்லை. தரையில் உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து சொன்னேன். முடித்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“இத எழுதிக் குட்த்தியா?”

“இல்ல. கட்டடமே போயிடுச்சு. யாருக்கு எழுதறது?”

“மொத ரெண்டும் எழுதிக் குட்த்தல்ல” என்றார். அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த வாரமே மூன்றாவது அறிக்கையை எழுதினேன். யாரும் கேட்காதது. ஒரே பக்கம். ஒரு பிரதி பாய்க்கு, ஒன்று வித்யாவுக்கு, ஒன்று அனுமதி தந்த அலுவலகத்துக்கு, ஒன்று நம் அலுவலகக் கோப்புக்கு. அனுமதி தந்த அலுவலகத்திலிருந்து பதில் இல்லை. பாய் போன் செய்து, அலமாரியை விற்காமல் வீட்டில் வைத்திருப்பதாகச் சொன்னார். வித்யா, “கிடைத்தது சார்” என்று ஒரு செய்தி அனுப்பினாள். நீங்கள் கோப்பைத் தேடினால் அந்தப் பக்கம் இருக்கும். உங்களில் யாராவது ஒரு கடைக்குள்ளோ வீட்டுக்குள்ளோ போய், நகர்த்த வேண்டுமா என்று ஒருவர் தயங்கிக் கேட்கும்போது அது ஞாபகத்துக்கு வந்தால் போதும்.

ஐந்தாவது பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். முனுசாமிக்குப் படிக்கத் தெரியாது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானே படித்தேன். எழுத்துத் தமிழாக இருந்ததால் இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தி விளக்க வேண்டியிருந்தது. கடைசிப் பத்தி இப்படி முடிந்தது: முதல் ஆய்வை நான் முழுமையாகச் செய்திருந்தால், அன்று ஒருவரையும் மழையில் இறக்க வேண்டிய தேவையே ஏற்பட்டிருக்காது.

“அத இன்னொரு தபா படி” என்றார்.

படித்தேன்.

கண்ணை மூடிக்கொண்டார். எல்லம்மா வாசலில் நின்றிருந்தாள். பொன்னேரி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தேன். முனுசாமி காகிதத்துக்காகக் கையை நீட்டினார். கொடுத்துவிட்டு வந்தேன்.